ஃபிளாட் சர்வீஸ் சார்ஜும் மேனேஜிங் ஏஜென்டும்: இங்கிலாந்தில் வீடு வாங்கிய நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாரோ, இல்ஃபோர்ட், கிராய்டன் பக்கம் ஃபிளாட் வாங்கியவர்களும், கொஞ்சம் தள்ளிப்போய் புது எஸ்டேட்டில் தனிவீடு வாங்கியவர்களும் கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்தில் முறையே வேறு. உங்கள் லீஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம், அதனால் பெரிய தொகை என்றால் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"வீடு என் பேர்லதானே இருக்கு? அப்புறம் ஏன் வருஷா வருஷம் யாருக்கோ காசு கட்டணும்?"

உங்கள் பெயரில் இருப்பது ஃபிளாட்டின் லீஸ். 99, 125, 999 என்று எத்தனை ஆண்டுக்கு எழுதியிருக்கிறதோ, அத்தனை ஆண்டு அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் உரிமை உங்களுடையது. கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்டருடையது. கூரை, படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர், கட்டடக் காப்பீடு எல்லாவற்றையும் பொதுவாக அவர் பார்த்துக்கொள்வார். அதற்கான செலவை ஃபிளாட்காரர்கள் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்குதான் சர்வீஸ் சார்ஜ்.

எந்தெந்தச் செலவைக் கேட்கலாம், உங்கள் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் லீஸில் இருக்கும். லீஸ் இடம் கொடுக்காத செலவை உங்களிடம் கேட்க முடியாது. அதனால் எந்தச் சண்டைக்கும் முன்னால் லீஸை எடுத்துப் படியுங்கள். பிரதி தொலைந்துபோயிருந்தால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சின்னக் கட்டணம் கட்டி வாங்கலாம்.

"கிரவுண்ட் ரென்ட்டும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. கிரவுண்ட் ரென்ட் நிலத்துக்கான வாடகை. அதற்குப் பதிலாக உங்களுக்கு எந்த வேலையும் செய்து தரமாட்டார்கள். 2022 ஜூன் 30 முதல் எழுதப்பட்ட புது லீஸ்களில் பெரும்பாலும் கிரவுண்ட் ரென்ட் வாங்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பழைய லீஸ் என்றால் இன்னும் கட்டித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் செய்த செலவுக்கான காசு. அதனால்தான் அதற்குக் கணக்குக் கேட்க முடிகிறது.

"ஃப்ரீஹோல்டர்னு ஒருத்தர், மேனேஜ்மென்ட் கம்பெனின்னு ஒண்ணு, ஏஜென்ட்னு இன்னொருத்தர். யாரைப் பிடிச்சுக் கேக்கறது?"

மேனேஜிங் ஏஜென்ட் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். பில் அனுப்புவது, துப்புரவுக்கு ஆள் வைப்பது எல்லாம் அவர்தான். அவரை நியமித்தது ஃப்ரீஹோல்டராக இருக்கலாம், அல்லது லீஸில் பெயர் குறிப்பிட்ட ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியாக இருக்கலாம். சில இடங்களில் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் ஃபிளாட்காரர்களேதான், அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கும்! கம்பனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் டைரக்டர்கள் யார் என்று இலவசமாகத் தெரியும்.

பில்லில் நிலவுடைமையாளரின் (பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர்தான்) பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது இல்லாத பில்லுக்கு, அந்த விவரம் வந்து சேரும் வரை பணம் பாக்கி ஆகாது. கடிதத்தை ஏஜென்டுக்கு எழுதுங்கள், ஒரு நகலை நிலவுடைமையாளருக்கும் அனுப்புங்கள்.

"போன வருஷம் 1,800 பவுண்டு, இந்த வருஷம் 2,900. இப்படி ஏத்திக்கிட்டே போக ஒரு வரம்பே கிடையாதா?"

இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, எனக்கும் இது சரியென்று படவில்லை. சட்டத்தில் இருப்பது வேறொரு பிடி. 1985-ஆம் ஆண்டு நிலவுடைமையாளர், குத்தகைதாரர் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, செலவு நியாயமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், வேலையும் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத பகுதியைக் கட்ட வேண்டியதில்லை. முன்பணமாகக் கேட்கும் தொகைக்கும் இதே அளவுகோல்தான்.

ஏறியதற்கு உண்மையான காரணங்களும் உண்டு. 2017 ஜூன் 14-இல் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீவிபத்துக்குப் பிறகு காப்பீட்டுத் தொகையும் தீப்பாதுகாப்புச் செலவும் பல கட்டடங்களில் எகிறிவிட்டன. மின்சாரம், ஆள் கூலி எல்லாம் கூடியிருக்கிறது. இன்னொரு பக்கம், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஏஜென்ட் கமிஷன் வாங்குவது, தன் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிக்கே வேலையைக் கொடுப்பது போன்றவையும் நடக்கின்றன. எது எவ்வளவு என்று பில்லைப் பார்த்து ஊகிக்க முடியாது. அதற்கு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

"பில்லுல ஒரே ஒரு தொகைதான் போட்டிருக்காங்க. எதுக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்களுக்கு இரண்டு படிகளில் உரிமை இருக்கிறது. முதலில், 1985 சட்டத்தின் 21-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, கடந்த கணக்காண்டின் செலவுச் சுருக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள், அல்லது கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் தர வேண்டும். அது கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் 22-ஆவது பிரிவின்படி அடுத்த கடிதம்: ரசீதுகளையும் விலைப்பட்டியல்களையும் பார்க்க வேண்டும் என்று. ஒரு மாதத்துக்குள் ஏற்பாடு செய்து, இரண்டு மாதம் வரை பார்க்க அனுமதிக்க வேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்தால் அது குற்றம், 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

ரசீதுகளில் என்ன பார்ப்பது? துப்புரவாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, உண்மையில் எத்தனை முறை வருகிறார்? பக்கத்துக் கட்டடத்தின் லிஃப்ட் ரிப்பேர் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா? ஒரே வேலைக்கு இரண்டு ரசீது இருக்கிறதா? நிர்வாகக் கட்டணம் ஒரு தரம் போட்டுவிட்டு, அதன் மேல் ஒவ்வொரு வேலைக்கும் சதவீதம் தனியாக எடுத்திருக்கிறார்களா? உங்கள் கட்டடத்தில் லிஃப்டே இல்லாதபோது லிஃப்ட் பராமரிப்பு என்று ஒரு வரி வந்திருக்கிறதா? இதெல்லாம் கணக்காளர் இல்லாமலே கண்ணில் படும்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள். தொலைபேசியில் பேசினால் பேசி முடித்ததும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பின்னால் எங்கே போனாலும் அந்தக் காகிதங்கள்தான் பேசும்.

"கணக்குக் காட்டுற வரைக்கும் ஒரு பைசா தரமாட்டேன்னு நிறுத்திட்டா என்ன ஆகும்?"

கோபம் நியாயமானது. ஆனால் இந்த வழியில் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் அதிகம். முதலில் நினைவூட்டல் கட்டணம், வட்டி என்று ஏறும். அப்புறம் ஏஜென்ட் உங்கள் மோர்ட்கேஜ் வங்கிக்கு எழுதுவார். லீஸ் பறிபோனால் வங்கிக்குத்தான் நஷ்டம் என்பதால் பல வங்கிகள் தாங்களே கட்டிவிட்டு அதை உங்கள் கடனில் சேர்த்துவிடும். பாக்கி 350 பவுண்டைத் தாண்டினாலோ மூன்று வருடத்துக்கு மேல் நின்றாலோ லீஸையே ரத்து செய்யும் வழக்குக்கு வாசல் திறக்கிறது. அதற்கு முன் அந்தத் தொகை கட்ட வேண்டியதுதான் என்று தீர்ப்பாயமோ (ட்ரிப்யூனல்) நீதிமன்றமோ முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது நீங்களே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதனால் "பாக்கி உண்மைதான், கொஞ்சம் டைம் கொடுங்க" என்று யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள்.

காசு கட்டுவது வேறு, கணக்கை ஒப்புக்கொள்வது வேறு. கட்டினாய், ஆகவே ஒப்புக்கொண்டாய் என்று யாரும் சொல்ல முடியாது, 1985 சட்டத்தின் 27ஏ பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. "ஆட்சேபணையுடன் கட்டுகிறேன், இன்ன இன்ன தொகையை ஏற்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். வழக்கு உங்கள் கையில் இருக்கும், வீட்டுக்கும் ஆபத்து இல்லை.

சட்டப்படி நிறுத்திவைக்கக் கூடிய இடமும் உண்டு. ஒவ்வொரு சர்வீஸ் சார்ஜ் பில்லோடும் உங்கள் உரிமைகள், கடமைகள் பற்றிய ஓர் அறிக்கை, சட்டம் வகுத்த வாசகத்தில், இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அது இல்லையென்றால் வரும் வரை கட்டாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் சரியான பில்லை மறுபடி அனுப்பிய அன்றே அந்தக் காரணம் போய்விடும்.

"கூரை மாத்தணுமாம். ஒரு ஃபிளாட்டுக்கு 9,000 பவுண்டாம். எங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

கேட்டே ஆக வேண்டும். ஒரு வேலைக்கு எந்த ஒரு ஃபிளாட்டின் பங்கும் 250 பவுண்டைத் தாண்டினால், 20-ஆவது பிரிவின்படி கலந்தாலோசிக்க வேண்டும். முதலில் என்ன வேலை, ஏன் என்று ஒரு நோட்டீஸ், கருத்துச் சொல்ல 30 நாள். அந்த நேரத்தில் நீங்களும் ஒரு கான்ட்ராக்டரின் பெயரைச் சொல்லலாம். பிறகு குறைந்தது இரண்டு விலை மதிப்பீடுகளோடு இரண்டாவது நோட்டீஸ், மறுபடி 30 நாள். 12 மாதத்துக்கு மேற்பட்ட சேவை ஒப்பந்தம் என்றால் வரம்பு வருடத்துக்கு 100 பவுண்டு. இதைச் செய்யாமல் விட்டால் உங்களிடம் அந்த 250 அல்லது 100-க்கு மேல் வாங்க முடியாது.

இதைக் கேட்டதும் "நோட்டீஸ் ஒருநாள் பிந்தியது, நான் 250 மட்டும் கட்டினால் போதும்" என்று சிலர் குதிக்கிறார்கள். பொறுங்கள். நிலவுடைமையாளர் தீர்ப்பாயத்தில் விலக்குக் கேட்கலாம். 2013-இல் டேஜான், பென்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நடைமுறை தவறியதால் ஃபிளாட்காரர்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று பார்க்க வேண்டும். ஆகவே உங்களுக்கு என்ன பாதகம் என்று காட்டத் தயாராக இருங்கள். "நாங்கள் சொன்ன கான்ட்ராக்டர் இதே வேலையை இவ்வளவு குறைவாகச் செய்திருப்பார்" என்பது மாதிரி. நோட்டீஸ் வந்த 30 நாளைத் தூங்கிக் கழித்தவர்கள் பின்னால் சொல்ல எதுவும் இல்லாமல் நிற்கிறார்கள்.

"ரிசர்வ் ஃபண்டுன்னு வருஷம் 400 பவுண்டு எடுக்கறாங்க. வித்துட்டுப் போறப்ப திருப்பித் தருவாங்களா?"

வழக்கமாகத் தரமாட்டார்கள். பின்னால் வரும் பெரிய வேலைகளுக்காகச் சேர்த்துவைக்கும் பணம் அது, கட்டடத்தோடு தங்கிவிடும். லீஸ் அனுமதித்தால்தான் இந்த நிதியைத் திரட்ட முடியும், திரட்டிய பணத்தைச் சட்டப்படி டிரஸ்டில், அதாவது ஃபிளாட்காரர்களின் சார்பாக, தனியே வைத்திருக்க வேண்டும். நல்ல ரிசர்வ் இருக்கும் கட்டடத்தில் மேலே சொன்ன 9,000 பவுண்டு அதிர்ச்சி வராது. இதில் எனக்குக் குறை இல்லை, கணக்கு மட்டும் கேட்டு வையுங்கள்.

"மூணு வருஷத்துக்கு முந்தின செலவுக்கு இப்ப பில் அனுப்பியிருக்காங்க. கட்டணுமா?"

20பி பிரிவுப்படி, செலவு செய்து 18 மாதத்துக்குள் பில் அனுப்பியிருக்க வேண்டும். தாண்டினால் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு கண்ணிகள் உண்டு. அந்த 18 மாதத்துக்குள் "இவ்வளவு செலவாகியிருக்கிறது, பின்னால் உங்களிடம் கேட்போம்" என்று எழுத்தில் சொல்லியிருந்தால் அது செல்லும். அப்புறம், ஏற்கெனவே நீங்கள் கொடுத்த முன்பணத்திலிருந்து செலவழித்ததற்கு இந்த விதி பொருந்தாது. பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

"அண்ணா, ட்ரிப்யூனலுக்குப் போறதுன்னா வக்கீல் வைக்கணுமே, அந்தச் செலவுக்கு அந்தப் பில்லையே கட்டிடலாம் போல?"

வக்கீல் கட்டாயம் இல்லை. ஃபர்ஸ்ட் டியர் ட்ரிப்யூனலின் சொத்துப் பிரிவு இதற்காகவே இருக்கிறது. 27ஏ பிரிவின் கீழ் விண்ணப்பித்து, எந்த வருடத்தில் எந்தச் செலவு ஏன் நியாயமில்லை என்று ஓர் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். மேலே சொன்னபடி ரசீது பார்த்துவைத்தவருக்கு இது கஷ்டமில்லை. தீர்ப்பாயத்தின் பழைய முடிவுகள் அரசு இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஏஜென்டின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், வாதம் எப்படி வைக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கட்டும் வழக்கம் இங்கே பொதுவாக இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: சில லீஸ்களில் நிலவுடைமையாளர் தன் வக்கீல் செலவை அடுத்த வருட சர்வீஸ் சார்ஜிலேயே சேர்க்க இடம் இருக்கும். அதைத் தடுக்க, விண்ணப்பிக்கும்போதே 20சி பிரிவின் கீழ் ஓர் உத்தரவும் கேளுங்கள். இதை மறந்துவிட்டு, ஜெயித்த வழக்கின் செலவைத் தாங்களே கட்டியவர்கள் உண்டு.

"கணக்குல தப்பில்லை. ஆனா போன் எடுக்கறதில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை, கதவு உடைஞ்சு ஆறு மாசமாச்சு. இதுக்கு யார்கிட்ட போறது?"

2014 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் மேனேஜிங் ஏஜென்டுகள் அரசு அங்கீகரித்த குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் ஏஜென்டிடமே முறையான புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் அந்தத் திட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம், உங்களுக்கு இலவசம். தொகை நியாயமா என்பது தீர்ப்பாயத்தின் வேலை, நடத்தை சரியா என்பது இவர்களுடைய வேலை. தவறான வாசலைத் தட்டினால் மாதக்கணக்கில் நேரம் போகும்.

"கிளாடிங் மாத்துறதுக்கு எங்க தலையில கட்டுவாங்களா?"

கிளாடிங் என்பது கட்டடத்தின் வெளிச்சுவருக்கு மேல் பொருத்தும் உறை. கட்டடம் குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ இருந்து, உங்கள் லீஸ் பாதுகாப்புக்குத் தகுதி பெற்றிருந்தால், ஆபத்தான கிளாடிங்கை அகற்றும் செலவை உங்களிடம் வாங்க 2022-ஆம் ஆண்டு கட்டடப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. 2022 பிப்ரவரி 14 அன்று அது உங்கள் முதன்மை வீடாக இருந்ததா, இல்லையென்றால் பிரிட்டனில் உங்களுக்கு மொத்தம் மூன்று வீட்டுக்கு மேல் இருந்ததா என்பதே கேள்வி. வாடகைக்கு விட வீடுகள் வாங்கிச் சேர்த்த நம்மவர்கள் இந்தத் தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கேன். சர்வீஸ் சார்ஜை வாடகைக்காரர் தலையில போடலாமா?"

முடியாது. லீஸ் உங்களுடையது, கட்டவேண்டியவரும் நீங்கள்தான். 2019-ஆம் ஆண்டு வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி அதைத் தனிக் கட்டணமாக வாங்கவும் கூடாது.

"இந்த ஏஜென்டே வேண்டாம். எங்களால தூக்க முடியுமா?"

முடியும். 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நிர்வாக உரிமையின்படி, ஃபிளாட்டுகளில் குறைந்தது பாதிப் பேர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் தப்புச் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஃப்ரீஹோல்டை வாங்கவும் வேண்டியதில்லை. முன்பு கீழ்த்தளத்தில் கடைகள் 25 சதவீதப் பரப்புக்கு மேல் இருந்தால் இந்த உரிமை கிடைக்காது. 2025 மார்ச் 3 முதல் அந்த வரம்பு 50 சதவீதமாகிவிட்டது. கடைக்கு மேல் ஃபிளாட் வைத்திருப்பவர்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எடுத்த பிறகு பொறுப்பும் உங்களுடையதுதான். காப்பீடு, தீப்பாதுகாப்பு, 20-ஆவது பிரிவு நோட்டீஸ் எல்லாம் இனி உங்கள் கம்பெனியின் கடமை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டவில்லை என்றால் அவரிடம் கேட்பதும் நீங்கள்தான். கட்டடத்தில் நேரம் ஒதுக்கக்கூடிய நாலைந்து பேர் இருந்தால் இறங்குங்கள். ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கினால் இரண்டே வருடத்தில் பழைய நிலைமைக்கு வந்துவிடும்.

"நாங்கள் வாங்கினது ஃப்ரீஹோல்ட் வீடு. பிறகும் ஏன் எஸ்டேட் சார்ஜ் எண்டு எங்களிட்டைக் காசு கேக்கினம்?"

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். முன்பெல்லாம் புதுக் குடியிருப்பின் தெருவையும் பூங்காவையும் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். இப்போது பல எஸ்டேட்டுகளில் ஏற்பதில்லை, ஒரு தனியார் கம்பெனி பராமரித்து வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கிறது. பிரிட்டனின் போட்டி, சந்தை ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 11 பெரிய கட்டுமான நிறுவனங்கள் 2021-22-இல் விற்ற வீடுகளில் 80 சதவீதத்துக்கு இந்தக் கட்டணம் இருந்தது, சராசரி வருடத்துக்கு 350 பவுண்டு. கவுன்சில் டாக்ஸில் இதற்காகக் கழிவு எதுவும் கிடையாது. ஒரே தெரு விளக்குக்கு இரண்டு இடத்தில் கட்டுகிற மாதிரிதான்.

இதைவிட மோசம், மேலே சொன்ன 19, 20, 21, 22, 27ஏ பிரிவுகள் எல்லாம் லீஸ் வைத்திருப்பவர்களுக்கானவை. ஃப்ரீஹோல்ட் வீட்டுக்காரருக்கு அந்த உரிமைகள் தரத்தான் 2024-ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் நிறைவேறிய 2024 மே 24 அன்றே எல்லாம் அமலாகிவிடவில்லை, பகுதி பகுதியாகத்தான் கொண்டுவருகிறார்கள். எது நடைமுறைக்கு வந்தது என்று பார்த்துவிட்டு அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இது ரென்ட்சார்ஜ் (வீட்டின் மீதே ஏற்றிவைத்த கட்டணக் கடமை) என்று எழுதப்பட்டிருந்தால் கட்டாமல் விடவே விடாதீர்கள். 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121-ஆவது பிரிவுப்படி, 40 நாள் பாக்கி வைத்தாலே வீட்டின் மீது ஒரு லீஸை உருவாக்கும் அதிகாரம் வசூலிப்பவருக்கு வந்துவிடும். சில நூறு பவுண்டு பாக்கிக்காக விற்க முடியாத வீடாகிவிடும். பத்திரத்தில் திருத்தம் செய்து அந்த அதிகாரத்தை எடுக்கச் சொல்லி வாங்கும்போதே வக்கீல் மூலம் கேட்பது நல்லது.

"இப்பத்தான் வாங்கப் போறோம். முன்னாடியே என்ன கேட்டு வைக்கணும்?"

கடைசி மூன்று வருடக் கணக்கு, நடப்பாண்டு மதிப்பீடு, ரிசர்வ் நிதியில் இருக்கும் தொகை, வரப்போகும் பெரிய வேலைக்கு ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கிறதா, தீர்ப்பாயத்தில் வழக்கு உண்டா. தனிவீடு என்றால் தெருவைக் கவுன்சில் ஏற்கப் போகிறதா, ரென்ட்சார்ஜ் உண்டா. பில்டரின் ஷோரூமில் சொல்லும் முதல் வருடத் தொகையை நம்பாதீர்கள், எஸ்டேட் முழுவதும் கட்டி முடித்த பிறகு அது மாறும். பில்டர் சொல்லும் வக்கீலைத் தவிர்த்து வேறொருவரை வையுங்கள்.

"கட்டடத்துல வேற யாரும் வரமாட்டேங்கறாங்க. நான் ஒருத்தியா என்ன செய்ய முடியும் அண்ணா?"

செலவுச் சுருக்கம் கேட்பது, ரசீது பார்ப்பது, தீர்ப்பாயத்தில் விண்ணப்பிப்பது மூன்றையும் ஒரே ஒரு ஃபிளாட்காரர் தனியாகச் செய்யலாம். நிர்வாகத்தை எடுத்துக்கொள்வதற்குத்தான் பாதிப் பேர் வேண்டும். என் அனுபவத்தில், ஒருவர் ரசீதுகளைப் பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதி எல்லாக் கதவுக்கும் கீழே போட்டால் நாலு பேராவது பேச வருவார்கள். அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்போர் சங்கமாகப் பதிந்துகொண்டால், சங்கம் தன் சார்பில் ஒரு சர்வேயரை வைத்தே கணக்கையும் கட்டடத்தையும் பார்க்கலாம்.

முதல் கடிதம் எழுதுவதற்கு முன் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸிடம் பேசுங்கள். அரசு நிதியில் நடக்கும் அமைப்பு, ஆலோசனை இலவசம். லீஸையும் கடைசிப் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.